நாட்பட்ட அழற்சி நோயும் தடுப்பூசியும்

(பெண்ணாடத்தில் நடைபெற்ற நம் கல்விச் சங்க வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் முற்பகல், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவிலே கல்வியைப் பற்றிப் பேசாமல், மாத்திரையையும் ஊசியையும் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது பொருந்துமா என்று செயலாளரிடம் முன்கூட்டியே கேட்டேன். அவர், "ஐயா, நம் தெருப் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்பதற்குத் தாய் தந்தையரின் நோயும் ஒரு காரணந்தானே? நீங்கள் பட்டதைச் சொல்லுங்கள்" என்றார். ஆகவே நான் பட்டதையே சொல்லப் போகிறேன். நான் மருத்துவனல்லன், வரலாறு படித்தவன். ஆனால் 2010ஆம் ஆண்டு முதல் முடக்குவாத நோயுடன் வாழ்ந்து வருகிறேன். நம் பெரியோர் சரவாங்கி என்று கூறிய நோய் இதுவே.

இந்நோய் எனக்கு வந்த முதலாண்டில் அது நோய் என்றே நான் அறியவில்லை. காலையில் எழுந்தவுடன் விரல்கள் மடங்கா. சட்டைப் பொத்தானை மனைவிதான் மாட்டிவிடுவாள். வகுப்பில் சுண்ணக்கட்டியைப் பிடிக்க இயலாமல், கரும்பலகையில் எழுதுவதை விட்டு வாயாலேயே பாடம் நடத்தினேன். "சார் இந்த ஆண்டு ஏனோ கோபமாக இருக்கிறார்" என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டனராம். ஊரில் ஒருவர் வாயு என்றார். ஒருவர் யூரிக் அமிலம் என்றார். ஒருவர் செய்வினை என்றே முடித்துவிட்டார். இறுதியில் உடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவரின் சொற்கேட்டுப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குச் சென்றேன். அங்கே நோய் எதிர்ப்பாற்றல் தொடர்பான நோய்களுக்கென்றே தனித்துறை உண்டு. அங்குதான் என் நோயின் பெயரை அறிந்தேன்.

நம் உடலில் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் ஒன்று உண்டு. அதனை ஊர்க்காவற் படை என்று வைத்துக்கொள்வோம். சிலருடைய உடலில் அப்படை பகைவரையும் ஊராரையும் பிரித்தறிய மாட்டாமல், மூட்டுகளின் உட்சவ்வையே தாக்குகிறது. அங்கே வீக்கமும் வெப்பமும் வலியும் தோன்றுகின்றன. இதனையே அழற்சி என்கிறோம். இவ்வாறே தோலைத் தாக்கினால் செதில் படை, குடலைத் தாக்கினால் குடலழற்சி, பல உறுப்புகளை ஒருசேரத் தாக்கினால் லூபஸ் எனப் பெயர்கள் வேறுபடும். இந்நோய்கள் பெரும்பாலும் முற்றிலும் அகலுவதில்லை, அடங்கியிருக்கும். அவற்றை அடக்குவதற்குத் தரும் மருந்துகள் அக்காவற் படையின் கையைச் சற்றுக் கட்டிவைப்பவை. எனக்குத் தரப்பட்டவை மெத்தோட்ரெக்சேட்டும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும். முன்னதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் உட்கொள்ள வேண்டும். இதனைத் தாய்மார்கள் நன்றாக நினைவிற் கொள்க. வாரத்திற்கு ஒருமுறை என்பதை நாளுக்கு ஒருமுறை என்று மாற்றி எண்ணி உண்டால் உயிருக்கே கேடு நேரும். எழுதப் படிக்கத் தெரியாதவர் வீட்டில் இம்மாத்திரை இருக்குமானால், கிழமையைச் சுவரில் எழுதி வைப்பது படித்த பிள்ளையின் கடமை.

காவற்படையின் கையைக் கட்டி வைத்திருக்கிறோம். தடுப்பூசியோ அதே படைக்குப் பயிற்சி தருவதற்காகப் போடப்படுவது. இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. என்னைப் போன்ற நோயாளி கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஊசி என் நோயைக் கிளறிவிடுமா? என் மருந்து ஊசியின் பயனைக் குறைத்துவிடுமா? ஊசியில் இருக்கும் கிருமியே என்னை வென்றுவிடுமா? இவை மூன்றும் வேறு வேறு கேள்விகள். விடைகளும் வேறு வேறு. ஆனால் நம் மனத்தில் மூன்றும் கலந்து ஒரே அச்சமாகிவிடுகின்றன. அந்த அச்சத்தைக் கண்டு படித்தவர்கள் நகைக்கிறார்கள். நான் நகைக்க மாட்டேன்.

ஏன் நகைக்க மாட்டேன் என்பதற்கு ஒரு சான்று கூறுகிறேன். 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் தமிழ்நாட்டில் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிகளிலேயே ஊசி போட்டார்கள். அப்போது வாட்ஸ்அப் வழியாகப் பரவிய வதந்திகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்றும், வெளிநாட்டுச் சதி என்றும் பலவாறு பேசினார்கள். முகாம் நாளன்று பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கே வரவில்லை. வந்தவர்களுள் ஒரு பையனின் தாய், வாயிலிலேயே மகன் கையைப் பற்றிக்கொண்டு உள்ளே விட மறுத்தார். நானும் மற்ற ஆசிரியர்களும் அவரையும் வதந்திக்கு அஞ்சியவர் என்றே எண்ணி அறிவுரை கூறத் தொடங்கினோம். அவர் எங்களைப் பேசவிட்டு, பிறகு சொன்னார்: "சார், எம்புள்ளைக்கு கிட்னி வீக்கம். தெனம் எட்டு மாத்திர முழுங்குறான். அவனுக்குப் போடலாமான்னு யாராச்சும் கேட்டீங்களா?"

செவிலியர் உடனே அந்த மாத்திரையை வாங்கிப் பார்த்தார். பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து. அதுவும் பெரிய அளவு. தட்டம்மை ரூபெல்லா ஊசி உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து உருவாக்கியது. எதிர்ப்பாற்றலை அவ்வளவு அடக்கி வைத்திருக்கும் குழந்தைக்கு அதைப் போடக்கூடாது என்பது முகாமின் விதியிலேயே உள்ளது. அப்பையனைத் தனியே அமர வைத்தார்கள். மருத்துவரிடம் கேட்டுப் பின்னர் முடிவு செய்வதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஏட்டுப் படிப்பில்லாத அந்தத் தாய் கேட்ட கேள்வியை, பி.எட். படித்த நாங்கள் எழுவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து, ஊசிக்குத் தயங்கும் ஒருவரைக் கண்டால், "எதற்குத் தயங்குகிறீர்கள்?" என்று கேட்டு விடை வரும்வரை வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். அம்முடிவில் நான் நிலைத்து நின்றேனா என்பதைப் பின்னர்க் கூறுகிறேன்.

நம் நாட்டில் தடுப்பூசியை எதிர்த்தவரெல்லாம் அறியாதவர் என்பதும் உண்மையன்று. 1955ஆம் ஆண்டில் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து எழுதியவர் இராஜாஜி. அவருடைய காரணங்கள் எல்லாவற்றையும் நான் ஏற்பவனல்லன். ஆயினும் 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மாபெரும் பி.சி.ஜி. ஆய்வு, வயது வந்தோரின் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்றே காட்டியது. குழந்தைகளுக்கு வரும் கொடிய மூளைக் காசத்திலிருந்து காப்பதால்தான் பிறந்தவுடன் அதனை இன்றும் போடுகிறோம். ஐயம் எழுப்பியதால் அறிவியல் தாழ்ந்துவிடவில்லை. ஆய்ந்து பார்த்து, எதற்குப் பயன், எதற்குப் பயனில்லை என்று பிரித்துக் காட்டியது. வரலாற்றில் வேறொரு செய்தியும் உண்டு. இந்த அவையில் அதைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பெரியம்மைப் பால் குத்தும்போது, ஒரு குழந்தையின் கைக் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்தவர் கையில் குத்துவார்கள். அந்தக் குழந்தைகள் பலர் ஏழைகள், நம்மைப் போன்றோரின் பிள்ளைகள். தாழ்த்தப்பட்டவன் கையிலிருந்து வந்த நீர் தன் உடம்பில் கலக்கலாகாது என்று மறுத்த உயர்சாதியினர் பலர். ஊருக்கு உயிர் கொடுத்த கைகள் அவை. அது நிற்க.

ஆபத்தை எடைபோடுதல் என்றால் என்ன என்பதை என் தந்தையாரிடமிருந்தே நான் கற்றேன். நான் சிறுவனாக இருந்தபோது வெள்ளாற்றங்கரையில் அவரை நாய் கடித்துவிட்டது. அக்காலத்தில் வெறிநாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. ஆட்டின் மூளையில் கிருமியை வளர்த்துச் செய்த மருந்து அது. அதனைப் போட்டுக்கொண்டவர்களுள் மிகச் சிலருக்குக் கைகால் விழுந்து போனதும் உண்டு. அது வதந்தியன்று, மருத்துவ நூல்கள் ஒப்புக்கொண்ட உண்மை. "ஊசி போட்டால் முடமாகிவிடுவாய்" என்று ஊரார் அச்சுறுத்தினர். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "போடாட்டி?" வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பவர் இல்லை என்றே சொல்லலாம். அவர் பதினான்கு நாளும் நடந்து சென்று போட்டுக்கொண்டார். அந்தப் பழைய மருந்தை நம் நாடு 2005ஆம் ஆண்டளவில் கைவிட்டுவிட்டது. இப்போதுள்ள ஊசி கையில் போடுவது. செயலிழக்கச் செய்த கிருமியால் ஆனது. அந்த ஆபத்து இதில் இல்லை.

ஊசியால் வரும் கேட்டை மட்டும் ஒரு தட்டில் வைத்துப் பார்ப்பவன் தராசு பிடிக்கவில்லை. மற்றொரு தட்டில், போடாமல் விட்டால் வரும் கேட்டை வைக்க வேண்டும். இதனை நான் பள்ளியில் பலமுறை பாடமாகவே நடத்தியிருக்கிறேன். ஆனால் என் வீட்டில் நடத்தவில்லை.

2020ஆம் ஆண்டு கொரோனா தொடங்கியபோது, நான் உட்கொள்ளும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் அந்நோயைத் தடுக்கும் என்று செய்தி பரவியது. மருந்துக்கடைகளில் அந்த மாத்திரை மறைந்துவிட்டது. பெண்ணாடம், திட்டக்குடி, விருத்தாசலம் என மூன்று ஊர்களில் தேடியும் கிடைக்காமல், மூன்று வாரம் மாத்திரையின்றி வீங்கிய மணிக்கட்டோடு இருந்தேன். பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளில் அது கொரோனாவுக்குப் பயன்படாது என்று தெளிவாயிற்று. தேவையற்றவர் வாங்கி வைத்தனர், தேவைப்பட்டவர் வருந்தினர்.

2021 ஜனவரி 16ஆம் நாள் நாட்டில் கொரோனா தடுப்பூசி தொடங்கியது. ஏப்ரல் 6ஆம் நாள் சட்டமன்றத் தேர்தல். தேர்தல் பணிக்குச் செல்லும் ஆசிரியர்களை முன்களப் பணியாளராகக் கருதி மார்ச் மாதமே ஊசி போட்டார்கள். பயிற்சி வகுப்பு நடந்த இடத்திலேயே மேசை போட்டிருந்தார்கள். நான் என் நோயைச் சொல்லிக்கொண்டு நழுவிவிட்டேன். அங்கிருந்தவரும் வற்புறுத்தவில்லை. ஏப்ரல் 1ஆம் நாள் முதல் 45 வயது கடந்த அனைவர்க்கும் வாய்ப்பு வந்தது. அப்போதும் நான் போகவில்லை.

ஏப்ரல் 15ஆம் நாள் நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் மக்கள் முன்னிலையில் கோவேக்சின் ஊசி போட்டுக்கொண்டார். ஏழை மக்களும் நம்பிக்கையோடு முன்வர வேண்டும் என்பதே அவர் நோக்கம். மறுநாள் அவருக்கு மாரடைப்பு. 17ஆம் நாள் காலமானார். இதயத்தின் முதன்மைக் குழாய் ஒன்று முற்றிலும் அடைபட்டிருந்ததாக மருத்துவர்கள் கூறினர். தடுப்பூசிக்குப் பின் நேரும் தீங்குகளை ஆராயும் தேசியக் குழு, அவ்விறப்புக்கு ஊசி காரணமன்று, இரண்டும் ஒருங்கே நேர்ந்தன என்று பின்னர் முடிவு கூறியது. ஆனால் அம்முடிவு வந்தது அக்டோபரில். நம் தெருக்களிலோ ஏப்ரல் 17ஆம் நாள் மாலைக்குள் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

அன்று மாலைதான் என் அக்காள் தொலைபேசியில் அழைத்தார். அவருக்கும் என்னைப் போலவே மூட்டு நோய். நாற்று நடவும் களையெடுப்புமாக உழைத்த கைகள். "தம்பி, நூறு நாள் வேலையில எல்லாரையும் ஊசி போடச் சொல்றாங்க. ஒனக்கும் எனக்கும் ஒரே சீக்குதானே, நான் போட்டுக்கலாமா?" என்று கேட்டார். நான், "கொஞ்சம் பொறு அக்கா. டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். எதற்குத் தயங்குகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவர் தயங்கவே இல்லை, தயங்கியவன் நான்.

அடுத்த வாரம் புதுச்சேரி மருத்துவரோடு தொலைபேசியில் பேச முடிந்தது. அவர் சொன்னவற்றின் சாரம் இது: "நம் நாட்டில் உள்ள கோவிஷீல்டும் கோவேக்சினும் உடலில் பெருகக்கூடிய உயிர்க் கிருமி கொண்டவை அல்ல. ஆகையால் அவற்றிலிருந்து உங்களுக்குக் கொரோனா தொற்றாது. மூட்டு சில நாள் வீங்கலாம், அதற்கு மருந்துண்டு. எது கிடைக்கிறதோ அதைத் தாமதமின்றிப் போட்டுக்கொள்ளுங்கள்." ஏப்ரல் 28ஆம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் தவணை கோவேக்சின் போட்டுக்கொண்டேன். ஒரு நாள் காய்ச்சல். நான்காம் நாள் இரு மணிக்கட்டும் வலமுழங்காலும் வீங்கின. அச்சம் என்னைப் பற்றிக்கொண்டது. அக்காளுக்கு இப்போது சொல்ல வேண்டா, என் உடம்பில் என்ன ஆகிறதென்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று எண்ணினேன். எட்டாம் நாள் வீக்கம் முற்றிலும் வடிந்துவிட்டது. அதற்குள் மே 10ஆம் நாள் ஊரடங்கு. மே 14ஆம் நாள் அக்காளுக்குக் காய்ச்சல் என்று அவர் மகன் அழைத்தான்.

மருத்துவமனையில் இடம் தேடி அலைந்ததையும் ஆக்சிஜனுக்குக் காத்திருந்ததையும் இங்கே விரித்துரைக்க விரும்பவில்லை. அந்த மே மாதத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். இடம் கிடைத்த பின், பணியிலிருந்த இளம் மருத்துவர் கேட்ட முதற் கேள்வி, "இவர் வழக்கமாக என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்பது. எனக்குத் தெரியவில்லை. மகன் வீட்டிற்குச் சென்று, பழைய செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலத்தைக் கொண்டு வந்தான். சிறு வெள்ளை மாத்திரைகள். பிரெட்னிசோலோன். ஐந்து மில்லிகிராம், நாளொன்றுக்கு மூன்று. ஆறு ஆண்டுகளாக மருந்துக்கடையில் கேட்டு வாங்கி உண்டு வந்திருக்கிறார். அந்த மாத்திரை விழுங்கினால் காலையில் கை மடங்கும், வேலைக்குப் போகலாம். ஒன்பதாம் நாள் அவர் இறந்துபோனார்.

நாளொன்றுக்குப் பத்து மில்லிகிராமும் அதற்கு மேலும் இந்த ஸ்டீராய்டை உண்டுவந்த மூட்டு நோயாளர்களே கொரோனாவால் மருத்துவமனையில் சேரும் நிலைக்கு மிகுதியாக ஆளாயினர் என்று, பல நாட்டு மூட்டு மருத்துவர்கள் கூடித் திரட்டிய கணக்கு 2020ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருந்தது. ஊசியில் ஆபத்து உண்டா என்று நான் இரண்டு மாதம் துருவித் துருவி ஆராய்ந்தேன். ஆபத்தோ அக்காளின் சுருக்குப்பையில் ஆறு ஆண்டுகளாக இருந்தது. என்னிடம் ஜிப்மர் அட்டை இருந்தது. அவரிடம் கடைப்பொட்டலம் இருந்தது. "ஒரு முறை என்னோடு வா அக்கா" என்று நான் அழைத்ததுண்டு. "விடியக்காலைப் பேருந்து புடிச்சுப் போயி வந்தா ரெண்டு நாள் கூலி போயிடும்ப்பா" என்பார். அந்த இரண்டு நாட் கூலியை நான் கொடுத்திருக்கலாம். தலைமையாசிரியன் சம்பளத்தில் அது பெரிய தொகையன்று.

ஏப்ரல் இறுதியில் ஒரு தவணை போட்டிருந்தால் அக்காள் பிழைத்திருப்பாரா என்று என்னைப் பலர் கேட்டதுண்டு. இரண்டு மூன்று வாரத்தில் ஒரே தவணையால் கிடைக்கும் காப்பு சிறிது. ஸ்டீராய்டு உண்பவர்க்கு அதனினும் சிறிது. அவர் பிழைத்திருப்பார் என்று சொன்னால் அது பொய்யாகலாம். பிழைத்திருக்க மாட்டார் என்று சொன்னால் அது எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் ஆறுதலாகலாம். ஆகவே இரண்டையும் சொல்வதில்லை.

அதன் பின்னர் வெளிவந்த செய்திகளை ஓரளவு தேடிப் படித்தேன். ஊசி நோயைக் கிளறுமா என்னும் முதற் கேள்விக்கு ஐரோப்பிய மருத்துவர்களின் பதிவேடு ஒன்று விடை தருகிறது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மூட்டு, அழற்சி நோயாளர்களைக் கணக்கெடுத்ததில், ஊசிக்குப் பின் நோய் கிளர்ந்தவர் நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து பேர். கடுமையாகக் கிளர்ந்தவர் நூற்றுக்கு ஒருவரினும் குறைவு. நான் அந்த நான்கைந்து பேருள் ஒருவன் போலும். ஆனால் அங்கே பெரும்பாலும் போட்டது வேறு வகை ஊசி என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மருந்து ஊசியின் பயனைக் குறைக்குமா என்னும் இரண்டாம் கேள்விக்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே நல்ல ஆய்வு நடந்தது. கேரளத்தில் கொச்சியைச் சார்ந்த மூட்டு மருத்துவர்கள், கோவிஷீல்டு போட்டுக்கொண்ட நோயாளர்களுள் ஒரு பகுதியினரை ஊசிக்குப் பின் இரண்டு வாரம் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவைக்கச் செய்தார்கள். மற்றவர்கள் தொடர்ந்து உண்டார்கள். இரு தவணைக்குப் பின்னும் நிறுத்தியவர்களின் குருதியில் எதிர்ப்பொருள் மிகுதியாக இருந்தது. ஆனால் அவர்களுள் நோய் கிளர்ந்தவர்களும் மிகுதி. அதனால் இரண்டாம் தவணைக்குப் பின் மட்டும் நிறுத்துவதே ஏற்றது என்னும் கருத்து உருவாயிற்று. 2022இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு ஒருவகை நிறைவு உண்டாயிற்று. நம் மண்ணில், நம் ஊசியில், நம்மைப் போன்ற நோயாளர்களிடமே கேட்டறிந்த விடை அது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு எவரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டா. எதை, எத்தனை நாள் நிறுத்துவது என்பது நோயாளிக்கு நோயாளி மாறும். ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் உண்டவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அதனை மருத்துவர் சிறிது சிறிதாகத்தான் குறைப்பார்.

2024 ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு கலக்கம். கோவிஷீல்டின் மூல நிறுவனமான அஸ்ட்ராசெனெகா, மிக அரிதாகக் குருதி உறையும் நோய் தன் ஊசியால் நேரக்கூடும் என்று இங்கிலாந்து நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது. "சார், நாமெல்லாம் அதைத்தானே போட்டோம்?" என்று இளம் ஆசிரியை ஒருவர் கண்கலங்கினார். அந்த ஆபத்து உண்மையானது. 2021ஆம் ஆண்டிலேயே மருத்துவ உலகம் அறிந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் நம் தேசியக் குழு, கோவிஷீல்டு தவணை பத்து இலட்சத்திற்கு 0.61 என்று உறைவு நேர்வுகளைக் கணக்கிட்டது. மேலை நாடுகளில் கண்ட எண் இதனினும் பன்மடங்கு மிகுதி. நம் நாட்டில் இத்தகைய நேர்வுகள் பதிவாகாமற் போவதும் உண்டாகையால், அந்தச் சிறிய எண்ணை அப்படியே நம்பவும் வேண்டா, தள்ளவும் வேண்டா. அந்நோய் பெரும்பாலும் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது. மூன்றாண்டு கழித்து அஞ்சுவதற்கு இடமில்லை. இதைத்தான் அந்த ஆசிரியையிடம் சொன்னேன். ஆயினும் என் மனத்தில் ஒரு குறை உண்டு. ஊசி போட்டபின் கடுந்தலைவலி, மூச்சுத் திணறல், கால் வீக்கம் வந்தால் உடனே வாருங்கள் என்னும் எச்சரிக்கை அறிவிப்பாக வெளிவந்ததே ஒழிய, எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. உண்மையை முன்னரே சொல்லிவிட்டுப் போடும் ஊசிக்கு, பின்னால் வரும் செய்தியால் நம்பிக்கை குலையாது.

இனிக் கொரோனாவை விட்டு இன்றைய நிலைக்கு வருகிறேன். மூன்றாம் கேள்விக்கு இங்கேதான் விடை தேவைப்படும். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உண்போர்க்கு உயிருள்ள கிருமியால் ஆன ஊசிகள் பொதுவாக ஆகா. தட்டம்மை ரூபெல்லா, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல், பி.சி.ஜி. ஆகியவை அவ்வகை. வெளிநாட்டு வேலைக்குச் செல்வோரைச் சில நாடுகள் மஞ்சள் காய்ச்சல் ஊசி கேட்கும். அங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கருவுற்ற தாய் அழற்சி நோய்க்காக உயிரியல் மருந்து ஊசி எடுத்திருந்தால், பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. போடுமுன் அதைச் சொல்ல வேண்டும். சில மாதம் தள்ளிப்போட வேண்டியிருக்கும். ஃபுளு, நிமோனியா, ரணஜன்னி, மஞ்சள் காமாலையின் பி வகை ஆகியவற்றுக்கு இங்கே வழக்கமாகப் போடும் ஊசிகள் அவ்வகை அல்ல. முடக்குவாத நோயாளிகளுக்கு ஃபுளு ஊசியை ஆண்டுதோறும் போடச் சொல்கிறார்கள், நான் போட்டுக்கொள்கிறேன்.

நாய்க்கடியைப் பற்றி மட்டும் சற்று அழுத்திக் கூற வேண்டும். நம் தெருக்களில் அதற்குக் குறைவில்லை. மூட்டு நோய்க்கு மாத்திரை உண்பவரை நாய் கடித்தால், "எனக்கு ஊசி ஆகாது" என்று இருந்துவிடக் கூடாது. போட்டே ஆக வேண்டும். சோப்புப் போட்டுக் கடிவாயை நெடுநேரம் கழுவிவிட்டு ஓட வேண்டும். ஓடியவுடன், தாம் உண்ணும் மாத்திரையைக் காட்ட வேண்டும். ஏனெனில் நம் அரசு நிலையங்களில் வழக்கமாகத் தோலுக்குள் போடும் முறையைக் கையாளுகிறார்கள். குளோரோகுயின் வகை மாத்திரை உண்பவர்க்கும் எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்டவர்க்கும் தசையில் போடுவதே ஏற்றது. சிறு கீறலாயினும் இவர்களுக்குக் கடிவாயில் போடும் சீரமும் தேவைப்படும். மாத்திரையைக் காட்டாவிட்டால் அது அவர்களுக்குத் தெரியாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது, நல்லது. மூட்டு வீங்கிக் கிடப்பவர் வீட்டில் கடைப்பொட்டலம் இருக்கிறதா என்று எவரும் கேட்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் நம் சங்கத்து இளைஞர்கள் சிலரோடு நம் தெருக்களில் வீடுவீடாகச் சென்றேன். பொட்டலத்தைக் காட்டுவதற்குப் பெண்கள் முதலில் கூசினார்கள். கடைக்காரர் மீது வழக்கு வந்துவிடுமோ என்று சிலர் அஞ்சினார்கள். "வழக்கு ஒன்றும் இல்லை, பெயர் மட்டும் எழுதிக்கொள்கிறோம்" என்று என் அக்காள் மகள் பேசிய பிறகே முடிச்சு அவிழ்ந்தது. அவள் இப்போது செவிலியர் பயிற்சி படிக்கிறாள். அவ்வாறு கண்டவர்களுள் ஒன்பது பேரை இதுவரை புதுச்சேரிக்கு அழைத்துச் சென்றுள்ளோம். பேருந்துக் கட்டணத்தையும் அன்றைய கூலியையும் சங்கம் தருகிறது. அடுத்த பயணம் வரும் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை.

உணவு இடைவேளைக்குப் பின் நம் கிராம சுகாதாரச் செவிலியர் பள்ளித் தாழ்வாரத்தில் அமர்ந்திருப்பார். அக்காள் மகளும் உடனிருப்பாள். மூட்டு, தோல், குடல், சிறுநீரகம் என எந்த நோய்க்காகவும் நீங்கள் நாள்தோறும் உண்ணும் மாத்திரையை, அது எந்தத் தாளில் மடித்திருந்தாலும், பெயர் தெரியாவிட்டாலும், அப்படியே எடுத்து வாருங்கள். வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள் பிள்ளைகளை அனுப்பி எடுத்து வரச் செய்யுங்கள். மாலை ஐந்து மணிவரை அவர்கள் இருப்பார்கள்.